கிண்டிப் பாக்கிற பெடியனுக்கு

தம்பி, நீ போனிலை அனுப்பின படத்தைப் பாத்தனான். உன்ரை பெரியம்மாவும் கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு, "பெடியன் ஆஸ்பத்திரி ஏதும் துறக்கப் போறானோ?" எண்டு கேட்டவ. ஊதா லைட், சூடாக்கிற தட்டு, ஈரம் அளக்கிற ஊசி, எல்லாத்துக்கும் நடுவிலை பத்தே பத்து மிளகாய் விதை. பன்ரண்டு நாளாச்சு, ஒண்டும் முளைக்கேல்லை, விதை வித்தவன் ஏமாத்திப்போட்டான் எண்டு கீழை எழுதியிருக்கிறாய். ஏமாத்தினவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். படத்தின்ரை ஓரத்திலை உன்ரை பெருவிரல் தெரியுது. நகத்துக்குள்ளை மண்.

விடியக் காலமை ஒருக்கா, வேலையாலை வந்து ஒருக்காக் கிண்டிப் பாத்திருப்பாய். விதை முதல்லை வேரைத்தான் கீழை விடும். அந்த வெள்ளை நூலை நகத்தாலை நுள்ளிப்போட்டு, "இன்னும் இல்லை" எண்டு திருப்பி மூடியிருக்கிறாய். 20 டிகிரிக்கு மேலை வெக்கை இருந்தாலும் மிளகாய் இரண்டு கிழமை எடுக்கும், சிலது மூண்டு கிழமையும் எடுக்கும். பொம்பிளை பாக்கப் போன வீட்டிலை குசினிக்குள்ளை எட்டிப் பாக்கக் கூடாது எண்டு என்ரை ஐயா சொல்லித்தான் அனுப்பினவர். உனக்கு உன்ரை கொப்பன் அதுகூடச் சொல்லித் தரேல்லைப் போலை.

பத்துக்கு அழுகிறாய். ஈஸ்ட்ஹாமிலை பச்சைக் கோட்டு ரயில் ஏறினால் நேரே கியூ கார்டினிலை இறக்கி விடுவான், ஒருக்கா அங்கை போய் அழு. 1876ஆம் ஆண்டு ஆனி மாசம், ஹென்றி விக்காம் எண்டொருத்தன் பிரேசிலிலை இருந்து 70,000 றப்பர் விதை கொண்டுவந்து அங்கை குடுத்தவன். உலகத்திலை பெரிய பெரிய தோட்டக்காரர் கண்ணாடி வீட்டுக்குள்ளை வைச்சுப் பாத்தும் முளைச்சது 2,700 சொச்சம். நூற்றுக்கு நாலு! அதிலை 1,900 அளவிலை கண்ணாடிப் பெட்டியிலை கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலை ஹெனரத்கொடைத் தோட்டத்திலை நிண்டது. அடுத்த வருசம் 22 கண்டு சிங்கப்பூருக்குப் போச்சு. பிறகு மலாயாவிலை காடு காடாய் றப்பர், பால் வெட்டத் தமிழ்ச் சனம் கப்பல் கப்பலாய். உன்ரை பத்து விதை முளைக்காட்டில் ஒருதருக்கும் நட்டமில்லை.

உன்ரை மாமி இருபது புடலங்காய் விதையைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சுகொண்டு வந்தவ எண்டு கேள்விப்பட்டன். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டு விதை இங்கை கொண்டுவாறது சட்டப்படி பிழையடா. பூச்சியும் நோயும் சேர்ந்து வரும், அது நியாயம்தான். விக்காமுக்கு மட்டும் 1920இலை சேர் பட்டம் குடுத்தவங்கள். மாமிக்கு வெள்ளைக்காரன் என்ன குடுப்பான் எண்டு நான் சொல்லமாட்டன். இங்கையே பக்கெற் விதை விக்குது, வேண்டச் சொல்லு.

விதையள் எல்லாம் ஒரு குணம் இல்லை. அந்த றப்பர் விதை காத்திருக்காது, கப்பலிலை கிடக்கவே உயிர் போற சாதி. கறிவேப்பிலை விதையும் அதே ரோசக்காரன்தான். பழத்தின்ரை சதையைக் கழுவின கையோடை மண்ணுக்குள்ளை போகவேணும், காயவைச்சு டப்பாவிலை போட்டியோ சரி. செத்தல் மிளகாய் அப்பிடியில்லை. தமிழ்க்கடைச் செத்தலை உடைச்சு உதறிப்போடு, புதுசாய் வெய்யிலிலை காஞ்சதெண்டால் பாதியாவது எழும்பும். மெசினிலை வெக்கையாய்க் காய்ச்சினது எழும்பாது. மல்லி வேணுமெண்டால் குசினி அலுமாரியைத் துற. ஒவ்வொரு மல்லியும் இரண்டு பாதி சேர்ந்த உருண்டை. உருளையாலை மெல்லமாய் ஒரு உருட்டு, "டிக்" எண்டு பிளக்கும், அப்பிடியே தூவு. மாவாக்கிப்போடாதை, அது ரசத்துக்கு.

ஆடிப்பட்டம் தேடி விதை எண்டு சும்மா சொல்லேல்லை, ஆனால் சொன்னவன் லண்டனிலை இருந்தவனில்லை. இங்கை ஆடியிலை மிளகாய் போட்டால் பூக்கேக்கை குளிர் வந்திடும். பொங்கல் பானையைக் கழுவி வைச்ச கையோடை மிளகாய் போடு. பாவல், புடல், பயித்தங்காய்க்குச் சித்திரை வருசம் பிறக்கட்டும். வைகாசி விசாகத்துக்கு முன்னம் ஒண்டையும் வெளியிலை விடாதை. இதை நான் புத்தகத்திலை படிக்கேல்லை. ஊரிலை, எழுபதுகளிலை பிரதமர் சிறிமா அம்மா இறக்குமதியை நிப்பாட்டின காலத்திலை, மிளகாய் போட்டுக் காசு பாத்த ஆக்களிலை நானும் ஒருத்தன். அந்தக் கெப்போடை இங்கை வந்து, பங்குனிக் கடைசியிலை ஒருநாள் வெய்யில் அடிச்ச உடனை நாப்பது கண்டைக் கொண்டுபோய் வெளியிலை நட்டனான். விடியப் பாத்தால் வெந்த கீரை மாதிரிச் சரிஞ்சு கிடந்தது. பெரியம்மா ஒரு கதையும் கதைக்கேல்லை. அண்டைக்கு மத்தியானம் கீரைக்கறி வைச்சவ.

அதாலை நடமுன்னம் ஒரு கிழமை, பத்து நாள், பகலிலை வெளியிலை வைச்சு இரவிலை உள்ளுக்கை எடுத்துப் பழக்கு. புதுசாய்ப் பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி.

உந்தச் சூட்டுத் தட்டும் வேண்டியிருக்கத் தேவையில்லை. வைற்சப்பல் பக்கம் வார்ட் எண்டொரு டொக்டர், 1829இலை, புகையாலை தன்ரை தோட்டத்திலை பன்னம் வளரேல்லை எண்டு கவலைப்பட்டுக்கொண்டு இருந்தவர். அந்துப்பூச்சிக் கூடொண்டை ஈரமண்ணோடை போத்தலுக்குள்ளை போட்டு மூடி வைச்சார். பூச்சியைப் பாக்கப் போனவருக்கு உள்ளை பன்னமும் புல்லும் முளைச்சுக் கிடந்தது. கியூவிலையிருந்து றப்பர்க் கண்டு போனதும் அதை வைச்சு அவர் கண்டுபிடிச்ச கண்ணாடிப் பெட்டியிலைதான். உனக்குத் தயிர்ச்சட்டியும் பிளாஸ்ரிக் பையும் காணும். சட்டிக்குக் கீழை ஓட்டை போடு, பையாலை மூடு, ஹீற்றருக்குக் கிட்ட வை. முளை தலை காட்டினதும் பையைக் கழட்டு. கழட்டாமல் தண்ணியும் ஊத்தினியெண்டால் கழுத்தடியிலை நூல் மாதிரி மெலிஞ்சு, வரிசையாய்ப் படுத்திடும். அதுக்கு நாத்தழுகல் எண்டு பேர், மருந்தில்லை.

பிறகு வெளிச்சம். மார்கழியிலை இங்கை பகல் எட்டு மணித்தியாலமும் இல்லை, மாசியிலையும் வெளிச்சம் ஏலாவாளிதான். இருட்டு அறையிலை கண்டு உன்னை மாதிரி நெடுநெடு எண்டு வளந்து, ஊண்டுகோல் கேக்கும். தெற்குப் பாத்த யன்னல் வேணும், சட்டியை நாளுக்கு ஒருக்காத் திருப்பி வைக்கவேணும்.

எங்கடை வீட்டு யன்னல் முழுக்க வடக்கு. உன்ரை பிளாட்டிலை ஹோல் யன்னல் நேரே தெற்கு, முன்னுக்கு மரமும் இல்லை, போன தீபாவளிக்கு வந்தபோதே பாத்து வைச்சனான். என்ரை பையிலை பதினாலு தயிர்ச்சட்டி மண் நிரப்பினபடி இருக்குது. உந்த ஆஸ்பத்திரிச் சாமானை ஒரு பக்கமாய் ஒதுக்கி வை. நாளைக்குப் பத்து மணிக்கு வருவன். நீ வேலைக்குப் போனால் திறப்பை எங்கை வைக்கிறனி?