ஜெட்டுக்கு அப்பா

எங்கள் குடியிருப்பில் ஒருவர். வாயைத் திறந்தால் முதலில் 'ஜெட்' வரும். மகன் அதற்குப் பின்னால்தான் வருவான். "நம்ம பையன் ஜெட் ஓட்டறான் சார்." இதில் 'நம்ம' என்பது மரியாதைக்கு, எனக்குப் பங்கு கிடையாது.

போன வாரம் விமானத்தில் தூத்துக்குடி போய்வந்தேன் என்று யாராவது சொன்னால் போதும். "காத்தாடி வெச்ச ஃப்ளைட்டா?" என்று கேட்பார். ஆமாம் என்பதற்குள் முகத்தில் ஒரு பரிதாபம், ஏதோ கட்டைவண்டியில் போய்வந்தவனைப் பார்ப்பதுபோல. ஏடிஆர் விமானத்தின் காத்தாடியைச் சுற்றுவதும் உள்ளே இருக்கிற டர்பைன்தான், ஒருவகையில் அதுவும் ஜெட் இன்ஜின்தான் என்று மகனே ஒருநாள் சொல்லிவிட்டான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கையிலிருக்கிற போனைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஃப்ளைட்ரேடார்24 என்று ஒரு செயலி. திறந்தால் இந்தியா முழுக்க மஞ்சள் விமானங்கள் எறும்புபோல ஊரும். ஒவ்வொரு விமானமும் தான் இருக்கிற இடத்தை நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே பறக்கிறது. அங்கங்கே மொட்டைமாடிகளில் வைத்திருக்கிற சின்னப் பெட்டிகள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இது தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தெரிந்துவிட்டது.

என் தங்கை மகள் கல்யாணம். கெட்டிமேளம் முழங்குகிறது. எல்லோரும் மேடையைப் பார்க்கிறோம். இவர் இடது கையில் அட்சதை, வலது கையில் போன். "36,000 அடி. நாக்பூர் தாண்டப் போறான்" என்கிறார் என் காதில். பின்வரிசைக்காரர் வீசிய அட்சதை நேராகப் போன்மேல் விழுந்தது. நாக்பூரை மறைத்த இரண்டு அரிசியைச் சுண்டிவிட்டு, "ம், தாண்டிட்டான்" என்றார். அவர் கையிலிருந்த அட்சதை சாப்பாட்டுப் பந்திவரை வந்தது.

பந்தியில் யாரோ விவரம் தெரியாமல், "பையன் கேப்டனா?" என்று கேட்டுவிட்டார்கள். ரசம் ஆறுகிறவரை விளக்கம். கேப்டன் இடதுபக்க சீட், இவன் வலதுபக்கம், ஃபர்ஸ்ட் ஆபீசர். போகும்போது ஒருவர் ஓட்டினால் திரும்பும்போது இன்னொருவர். ஓட்டாதவர் ரேடியோவில் பேசவேண்டும். "இன்னிக்கு இவன் பேசுற டர்ன்" என்று பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் அவர் மனைவி, "வீட்ல நாலு வார்த்தை பேசமாட்டான்" என்றபடி அப்பளத்தை உடைத்தார்.

நாங்கள் இருப்பது சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே. ஐப்பசி பிறந்து காற்று கிழக்கே திரும்பியதும் இவருக்குத் திருவிழா. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். அதனால் மேற்கேயிருந்து எங்கள் தலைக்கு மேலே வந்து மீனம்பாக்கத்தின் 07 ஓடுபாதையில் இறங்கும். 07 என்றால் திசைகாட்டியில் 70 டிகிரி. இது எங்கள் இஸ்திரிக்காரருக்குக்கூட மனப்பாடம். மகன் வருகிற நேரம் இவர் மொட்டைமாடியில் துண்டை வீசுவார். "அவன் ஓடுபாதையப் பார்ப்பானா, கீழ பார்ப்பானா? பார்க்கமாட்டான் சார்" என்று அவரே சொல்வார். சொல்லிக்கொண்டே வீசுவார்.

இவர்தான் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது இவர் பொறுப்பு. போடுவார். நிறுத்தமாட்டார். அந்த நேரத்தில் மகன் விஜயவாடாவுக்கு மேலே இருப்பான். தொட்டி வழிந்து, சம்ப் காலியாகி, இந்த மாதம் மட்டும் மூன்று லாரித் தண்ணீர் வாங்கினோம். காசு கொடுத்தது பன்னிரண்டு வீடும் சேர்ந்து. ஆறு மாதமாகக் கணக்கும் காட்டவில்லை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, எழுதும்போதே எரிகிறது.

மகனுக்கு வேலை கிடைப்பதற்கு முந்தைய நாலு வருஷம் இவர் லிஃப்டில் ஏறியதே கிடையாது. மகன் 200 மணி நேரம் பறந்து லைசன்ஸ் வாங்கி வந்து, வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலம். லிஃப்டில் யாராவது "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டுவிடுவார்களே. மூட்டுவலியோடு மூன்று மாடி படியிலேயே ஏறினார். ஊர் நிலம் போனது லைசன்ஸுக்கு. மனைவி நகை போனது, ஏ320 ஓட்டத் தனியாக எடுக்கவேண்டிய பயிற்சிக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை தொட்டி வழிகிற சத்தம் கேட்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்ப்பது என்று மாடிக்குப் போனேன். தண்ணீர் இவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு நனைந்தது தெரியவில்லை. மகன் அந்தமானிலிருந்து திரும்புகிறான். போனில் வெறும் நீலம், விமானம் இல்லை.

"நடுக்கடல்ல யார் சார் பெட்டி வெப்பா? சிக்னல் கிடைக்காது. தெரிஞ்ச விஷயம்தான்" என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. திட்ட வந்தவன் நானும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

கரைக்குக் கிழக்கே மஞ்சளாய் ஒன்று முளைத்தது.

"வந்துட்டான்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சார், கோச்சுக்காம கீழ போய் மோட்டாரை நிறுத்திடறீங்களா? நான் இங்க இருக்கணும். இன்னிக்குக் கிழக்குக் காத்து."