பெரிய சில்லு, தாழ்ந்த கார்: கேள்வி-பதில்

கேள்வி: என் கார் 2006ஆம் ஆண்டு விட்ஸ். 16 அங்குல அலோய் ரிம் போட்ட பிறகு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை போகிற அளவு இடைவெளி தெரிகிறது. குறைந்த செலவில் காரைத் தாழ்த்த வழி சொல்லுங்கள். (வாசகர், களனி)

பதில்: பணப்பையைத் திறக்குமுன் சாரதிப் பக்கக் கதவைத் திறவுங்கள். தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் அளவு இருக்கும். அந்த வயது விட்ஸ் பலவற்றில் 165/70 ஆர் 14. அதாவது டயரோடு சேர்த்துச் சில்லின் உயரம் 587 மில்லிமீற்றர். உங்கள் 16 அங்குல ரிம்முக்கு 195/45 டயர் போட்டிருந்தால் உயரம் 582. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ரிம் வளர்ந்தது, டயரின் பக்கச்சுவர் சுருங்கியது, இடைவெளி ஏறக்குறைய பழைய இடைவெளிதான். கறுப்பு ரப்பர் மறைத்து வைத்திருந்ததை மினுங்கும் ரிம் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தாழ்த்தத் தேவையில்லை. 25 முதல் 30 மில்லிமீற்றர் போதும். அதற்கான நேர்வழி, உங்கள் மாடலுக்கென்றே செய்த கட்டை ஸ்பிரிங்கும் நல்ல ஷொக்கும். ஜேர்மனியின் ஐபாக், ஜப்பானின் டெயின், தனாபே, ஆர்.எஸ்.ஆர் ஆகியவை இந்த வேலைக்குப் பெயர்போனவை.

கேள்வி: என் விட்ஸின் 16 அங்குல ரிம்முக்கு 205/55 டயர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? (வாசகி, பேலியகொடை)

பதில்: கூடாது. அது பெரிய கார்களின் அளவு, உயரம் 632 மில்லிமீற்றர். விட்ஸின் சில்லைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூட. மீற்றர் 60 காட்டும்போது கார் 64க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் உள் மட்கார்டில் உரசும், தாழ்த்திய பிறகு நேராக ஓடும்போதே உரசும். 3 சதவீதத்துக்கு மேல் உயரம் மாறாத டயரைத்தான் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் 15 அங்குலத்தில் நில்லுங்கள். 185/55 ஆர் 15 டயரின் உயரம் 584 மில்லிமீற்றர். பக்கச்சுவர் 10 சென்ரிமீற்றர் இருக்கும். 16 அங்குலத்தில் அது 9க்கும் கீழே போய்விடும். நமது வீதிக் குழிகளில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ஒரு சென்ரிமீற்றர் ரப்பர்தான். டயரில் எழுதியிருக்கும் பாரச் சுட்டெண்ணையும் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள டயருக்கு 81 என்றால், அதற்குக் குறைந்த எண் உள்ளதை விலைக்காக எடுக்காதீர்கள். 81 என்பது ஒரு டயர் 462 கிலோ தாங்கும் என்பதற்கான குறி.

கேள்வி: இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டித் தருகிறேன் என்கிறார் கராஜ் பாஸ். அரை நாள் வேலை, செலவும் சொற்பம். (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: வேண்டாம். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம்.

வேலை செய்யும் சுற்று ஆறு உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் விறைக்கும். விறைப்பு மட்டும் குற்றமல்ல, கம்பனிக் கட்டை ஸ்பிரிங்கும் விறைப்பானதுதான். சிக்கல் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் நுனி தனக்கென்று செய்த கிண்ணத்தில் படிந்து உட்கார வேண்டும். வெட்டிய நுனி அப்படிப் படியாது, கிண்ணத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, நீளம். சில்லு பள்ளத்தில் இறங்கும்போது ஷொக் முழு நீளத்துக்கு விரியும், வெட்டிய ஸ்பிரிங் அந்த நீளத்துக்கு எட்டாது. ஒரு கணம் அது எதையும் தாங்காமல் தளர்ந்து நிற்கும், நகரும், பிறகு காரின் முழுப் பாரமும் அதன்மேல் விழும். ‘டங்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். வளைவில் திரும்பும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பனிக் கட்டை ஸ்பிரிங் நீளத்தில் குறைந்தாலும், ஷொக் முழுவதும் விரிந்த நிலையிலும் கிண்ணத்தில் இறுக்கமாக நிற்கும்படி சுருளின் இடைவெளிகளை மாற்றித்தான் செய்வார்கள். விலை கூடுவது அதனால்.

டோர்ச்சால் சூடாக்கி ஸ்பிரிங்கை இறக்குவது இதைவிட மோசம். உருக்குக்குக் கொடுத்த பதம் அந்தச் சூட்டில் போய்விடும். கொஞ்ச நாளில் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், அல்லது முறியும்.

கேள்வி: கொயிலோவர்? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தொகுதியாக வரும் கொயிலோவரில் உயரத்தை விரும்பியபடி மாற்றலாம், உண்மை. ஆனால் மலிவான செட் பலவற்றில் ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டு மட்டுமே இறங்கும். அதை இறக்க இறக்க ஷொக்குக்குள் தண்டு ஓட மிஞ்சும் இடம் குறையும். ஷொக் உடலின் அடிப்பகுதி தனியாகத் திருகி நீளம் மாறும் வகையை மட்டும் எடுங்கள்.

நீங்கள் இருப்பது வெள்ளவத்தை என்பதால் இன்னொன்று. மரைன் டிரைவ் பக்கம் இரவில் நிற்கும் காரின் மரைகளை உப்புக்காற்று பிடித்துக்கொள்ளும். கழுவி, கிரீஸ் தடவிப் பராமரிக்க நேரமில்லையென்றால் ஓரிரு வருடத்தில் அந்தத் தட்டு அசையாது. பிறகு அது விலைகூடிய சாதாரண ஷொக். உங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடச் சரிவையும் வாங்குமுன் அளந்து பாருங்கள். சரிவு தொடங்கும் மடிப்பில் முன் பம்பர் இடிக்குமானால் ஒவ்வொரு நாளும் இடிக்கும்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ரீகண்டிஷன் ஷொக் எடுக்கலாம் என்கிறார்கள். எதைப் பார்த்து எடுப்பது? (வாசகர், கிரிபத்கொடை)

பதில்: புதியதுக்குக் காசு இருந்தால் புதியதையே எடுங்கள். கே.வை.பி., மன்ரோ போன்றவை சிறிய கார்களுக்குச் செய்யும் சாதாரண ஷொக், யாரோ ஓடிக் கழித்த ‘ஸ்போர்ட்ஸ்’ ஷொக்கைவிட மேல். காசு போதாதென்றால் கடையிலேயே நின்று சோதியுங்கள்.

ஷொக்கைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்டை முழுவதும் உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பு தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று இளகினால் உள்ளே வால்வு போய்விட்டது. கையை விடுங்கள். வாயு நிரம்பிய ஷொக் என்றால் தண்டு தானாக, மெதுவாக, சீராக மேலே வரும். வராவிட்டால் வாயு இல்லை. அடுத்து, மினுங்கும் தண்டின் நீளத்துக்கு நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் கீறல் சீலைக் கிழித்துவிடும். எண்ணெய்க் கசிவைத் தேட வெளிப்பக்கம் பார்த்துப் பயனில்லை, அங்கே துடைத்து வைத்திருப்பார்கள். தூசு உறையை உயர்த்தி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சோடியாகத்தான் வாங்க வேண்டும், இரண்டு கையும் ஒரே எதிர்ப்பை உணர வேண்டும். சோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். அந்தத் தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: ஹொண்டா ஃபிட்டின் கம்பனி அலோயை என் விட்ஸுக்குப் போட்டேன். நான்கு துளையும் சரியாகப் பொருந்தியது. 80 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. (வாசகர், வத்தளை)

பதில்: இன்றே காரை நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். இரண்டுக்கும் நான்கு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம், மரையும் ஒன்று. அதனால்தான் பொருந்தியது. ஆனால் ஹொண்டா ரிம்மின் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம். விட்ஸின் நட்டு கூம்பு. கூம்பு நட்டு உருண்டைக் குழியில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டு நிற்கும், எவ்வளவு இறுக்கினாலும் தளரும். ஹொண்டா நட்டுச் செட் வாங்கிப் போடுங்கள். நடுத்துளையும் வேறு: விட்ஸின் ஹப் 54.1 மில்லிமீற்றர், ஹொண்டா ரிம் 56.1. அந்த 2 மில்லிமீற்றரை அடைக்க ஹப் வளையம் போட வேண்டும். நடுக்கம் அதோடு நிற்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும். வேகன் ஆர் ஹைபிரிட். 40 மில்லிமீற்றர் தாழ்த்த ஆசை. (வாசகி, வெல்லம்பிட்டி)

பதில்: தங்கச்சி, 2016 மே மாதமும் 2025 நவம்பரும் களனி கங்கை உங்கள் பக்கம் வந்ததை நான் நினைவூட்டத் தேவையில்லை. வேகன் ஆரின் லித்தியம் பற்றரி பயணி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. விலைகூடிய பொருள் நிலத்துக்குக் கிட்டத்தான். ஜப்பானின் வாகனப் பரிசோதனையே 9 சென்ரிமீற்றருக்குக் கீழே காரின் அடிப்பாகம் வர விடாது, அது நல்ல வீதிகள் உள்ள நாடு. தாழ்த்த வேண்டாம். நல்ல ரிம் போடுங்கள், காரை இருந்த உயரத்திலேயே விடுங்கள். அதுவும் அழகுதான்.

கேள்வி: அப்பாவின் பழைய மொரிஸ் மினி. இதையும் தாழ்த்தலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். 1959இல் வந்த மினியில் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள்தான் காரைத் தாங்குகின்றன. அந்த ரப்பர் பல பத்தாண்டுகளில் தானே அமுங்கியிருக்கும். அதாவது உங்கள் மினி ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது, தேய்ந்து தாழ்ந்திருக்கிறது. முதலில் கூம்புகளைப் புதிதாக்குங்கள். பிறகு உயரம் மாற்றக்கூடிய தாங்கிகளைப் போட்டு, வேண்டிய அளவு இறக்கலாம். சில்லு மட்டும் 10 அங்குலத்திலேயே இருக்கட்டும். அந்தக் கார் அதைச் சுற்றி வரையப்பட்டது.

கேள்வி: தாழ்த்தி மூன்று மாதத்தில் முன் டயரின் உள் விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. டயர் பழுதா? (வாசகர், கடவத்தை)

பதில்: டயரில் பழுதில்லை, அலைன்மென்ட் செய்யவில்லை. கார் இறங்கினால் கீழ்க்கையின் சாய்வு மாறும், சில்லுகள் நேர்கோட்டிலிருந்து விலகும். ஸ்பிரிங் போட்டு ஒரு வாரம் ஓடிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். இன்னொரு விடயத்தைப் பாஸிடம் கேளுங்கள்: கீழ்க்கையின் புஷ் போல்ட்டுகளை ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினாரா, கார் தரையில் நிற்கும்போதா? தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் முறுக்கியபடியே இருந்து கிழிந்துபோகும்.

கேள்வி: பொலிஸ் பிடிக்குமா? (பலர்)

பதில்: 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஆபத்தான மேலதிகப் பாகங்களைக் கழற்ற வைத்ததை எல்லோரும் பார்த்தோம். பம்பர் தரையில் உரச ஓடும் கார் கண்ணில் படாமல் போகாது. ஆனால் பொலிஸுக்கு முன்னால் காப்புறுதிக் கம்பனியை நினையுங்கள். மாற்றத்தைக் கடிதமாகக் கொடுத்து, பதிலையும் கடிதமாக வாங்குங்கள். லீசிங்கில் ஓடும் கார் என்றால் லீசிங் கம்பனியின் சம்மதமும் வேண்டும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை இரும்புக்குப் போடாதீர்கள். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: அண்ணா, நான் களனிப் பல்கலைக்கழக மாணவன். வீட்டில் தந்த பழைய மார்ச் கார். ரிம், ஸ்பிரிங், ஷொக் மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. எது? (தலுகம)

பதில்: ஷொக், தம்பி. நான்கும் புதிதாக, மேல் மவுண்டும் பம்ப் ஸ்டொப்பும் சேர்த்து. கார் ஒரு மில்லிமீற்றரும் தாழாது. ஆனால் கண்டி வீதியில் பிரேக் அடிக்கும்போது மூக்குக் குத்தாமல் நிற்கும், வளைவில் சாயாமல் போகும். தாழ்த்தினால் கிடைக்கும் என்று நீ நம்பும் சுகத்தில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. அடுத்த வருடம் காசு சேர்ந்தால் 25 மில்லிமீற்றர் ஸ்பிரிங் வாங்கு, அப்போதும் இதே ஷொக்கைப் பாவிக்கலாம்.

கேள்வி அனுப்பும் மற்றவர்களுக்கு: கார் மாடலும் ஆண்டும், கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவு, ரிம்மின் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் அகலமும் ஒஃப்செட் எண்ணும், மூன்றையும் எழுதுங்கள். அவை இல்லாமல் உரசுமா உரசாதா என்று சொல்ல முடியாது.