முதலில் பந்து எகிறட்டும்

கேள்வி: பகலில் அலுவலகத்துக்காக புரோகிராம் எழுதுகிறேன். இரவில் சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்ய ஆசை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மோதும் போர், கதைகூடத் தயார். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கதையை மடித்துப் பீரோவில் வையுங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன்பே கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்துவிட்டீர்கள்! இப்போதைக்கு ஒரு பந்து, இரண்டு மட்டை போதும். 1972-இல் அடாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் என்ற இளம் இன்ஜினியருக்குக் கை பழகக் கொடுத்த வேலைதான் அது. 'பாங்' என்ற பெயரில் காசைக் கொட்டியது.

கேம் செய்ய உதவும் கோடோ இன்ஜின் இலவசம். பைத்தான் தெரிந்தால் பைகேம் லைப்ரரி போதும். பந்து சுவரில் பட்டதும் வேகத்தின் பிளஸ்ஸை மைனஸாக்குவீர்கள். சுலபம்தான். ஆனால் வேகம் கூடினால் சில சமயம் பந்து சுவருக்குள்ளேயே புகுந்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பிளஸ், மைனஸ் என்று மாறி, ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். அதைச் சுவரின் விளிம்புக்கு இழுத்துவிட்டுத் திருப்ப வேண்டும். இதற்கே ஒரு ராத்திரி போகும்.

'ஸ்டார்டியூ வேலி' என்ற கேமைத் தனியாளாகச் செய்து 2016-இல் வெளியிட எரிக் பரோனுக்கு நாலு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அது பெரும்பாலும் விவசாயம், ஆயிரம் பேர் மோதும் போர்கூட இல்லை!

பந்து நடுங்காமல் எகிறியதும் எனக்கு எழுதுங்கள். ஆயிரம் பேரை அப்புறம் கூப்பிடலாம்.