துரைமார் மீனும் ராகி உருண்டையும்

காவிரி மஹசீர் வெள்ளைக்காரத் துரைகளைப் பித்துப் பிடிக்க வைத்த மீன். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று 1873இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். கலெக்டர் உத்தியோகத்துக்கு நடுவே அதற்கு நேரம் கிடைத்ததென்றால், மாவட்டத்து மனுக்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்கக் கூடாது.

1919இல் மேஜர் ரிவெட்-கார்னக் காவிரியில் 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946இல் மைசூர் வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு பிடித்து அதை முறியடித்தார். வித்தியாசம் ஒரே பவுண்டு. அன்று காலை அந்த மீன் தின்ற நண்டாகக்கூட இருக்கலாம்.

இத்தனை நுணுக்கமாக எடை போட்டவர்கள் மீன் எந்த இனம் என்பதில் கோட்டை விட்டார்கள். காவிரியின் கூன்முதுகு மஹசீருக்கு உரிய அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவியை' என்று உறுதியானது 2018இல்தான். பெயர் கிடைத்த கையோடு, அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்ற பட்டமும் கிடைத்தது.

காவிரிச் சரணாலயத்தில் தூண்டிலுக்குத் தடை வராத காலத்தில் என் பெங்களூர் ஜோகுபாளையத்து நண்பனை அங்கிருக்கும் பீமேஸ்வரிக்குக் கூட்டிப்போனேன். அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்தவன். தண்ணீரைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. பையில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், புளி எல்லாம் கட்டிக்கொண்டு வந்தான். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெட்ரோலுக்குப் பங்கு தந்திருப்பானா?

பரிசலுக்கு முன், பின் கிடையாது. ஏறி உட்கார்ந்ததும் அது ஒரு சுற்று சுற்ற, "மச்சி, இதுக்கு ரிவர்ஸ் கியர் எங்கடா?" என்று என் சட்டையைப் பிடித்தான். இரை, வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டை. பசியில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டான். பரிசல்காரர் தடுக்கவில்லை.

"உப்பு இருக்காது சார்" என்றார்.

மதியத்துக்கு மேல் மீன் கடித்தது. அதன் பிறகு நடந்ததையெல்லாம் நடத்தியவர் பரிசல்காரர்தான். மீன் பாறைப் பக்கம் ஓடினால் துடுப்பைத் திருப்பினார், சுழலில் இறங்கினால் கரையோரம் ஒதுக்கினார், நண்பனின் இடுப்பு வாரையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நண்பன் செய்தது கத்தியது மட்டும். துரைமார் காலத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஏட்டில் ஏறியது தூண்டிலைப் பிடித்தவர் பெயர்.

கரைக்கு வந்த மீனின் வாயைப் பார்த்து, "பல்லே இல்லையே" என்று விரலை நீட்டினான். பரிசல்காரர் கையைத் தட்டிவிட்டார். மஹசீருக்குப் பல் தொண்டைக்குள்ளே. நண்டு ஓட்டையே நொறுக்கும், தூண்டில் முள்ளையும் நசுக்கும்.

"உட்டுடுங்க சார்."

"என்னது, உடறதா? காசு குடுத்துப் புடிச்சிட்டு உடறதுக்கு, அல்சூர் மார்க்கெட்ல வாங்கியிருந்தா கொழம்பாவது கெடைச்சிருக்குமே!"

மீன் போய்விட்டது. பரிசல்காரர் கணக்கில் ஆறு கிலோ. ஜோகுபாளையம் தெருமுனை டீக்கடையில் பன்னிரண்டானது; வீட்டு வாசலில் வான் இங்கனையே நெருங்கிவிட்டது. அவன் அம்மா பையைத் திறந்து, பிரிக்காத மிளகாய்த்தூளை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ மீன் எங்கடா?"