பாடினால்தான் கிடைக்கும்

காய்கறிக் கடையில் ஒரு கீரையின் பெயர் மறந்துபோனால் விரலை நீட்டிக் காட்டலாம்; ஜவுளிக் கடையில் நிறத்தின் பெயர் தெரியாவிட்டால், பக்கத்தில் நிற்கும் அம்மாளின் புடைவையை ஜாடையாகக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்; மருந்துக் கடையிலோ, டாக்டரின் கையெழுத்து யாருக்குமே புரியாதாகையால், நம்முடைய அறியாமை வெளியே தெரிவதற்கு நியாயமே இல்லை. இந்த ஸௌகரியங்களில் ஒன்றுகூட இல்லாத வியாபார ஸ்தலம் உலகத்தில் இருந்ததென்றால் அது இசைத்தட்டுக் கடைதான். பாட்டின் முதல் அடி தெரியாமல், பாடியவர் பெயர் தெரியாமல், ராகமும் தெரியாமல், ஆனால் அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்பது மட்டும் திட்டமாகத் தெரிந்து உள்ளே நுழைகிறவனுக்கு அங்கே ஒரே மார்க்கம்தான் உண்டு. முன்பின் அறியாத நாலு பேர் முன்னிலையில் வாயைத் திறந்து பாடவேண்டும்.

அவ்விதம் நான் பாடிய கடை பம்பாயில், காலா கோடாவில், ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு எதிர்ப்புறம் இருந்த ரிதம் ஹவுஸ். 1948-இல் பிறந்த கடை அது. மேல்நாட்டில் கொலம்பியா கம்பெனியார் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றே கால்வாசிச் சுற்று என்று நாங்களெல்லாம் தப்பாகவும், முப்பத்துமூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்று கணக்கறிந்தவர்கள் சரியாகவும் சொல்லிவந்த லாங்பிளே தட்டை வெளியிட்டதும் அதே வருஷந்தான். 2016-இல் கடை மூடப்பட்டது.

தில்லி மோதி பாகில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஒருவன் பாட்டு வாங்கப் பம்பாய்க்கா போகவேண்டும் என்று கேட்பவர்கள், தினப்படி என்னும் வஸ்துவின் தத்துவத்தை அறியாதவர்கள். கன்னாட் பிளேஸில் இசைத்தட்டுக் கடை இருந்தது. சாந்தினி சௌக்கில் இருந்தது. ஆனால் தில்லியில் வாங்கும் தட்டு சம்பளத்திலிருந்து வாங்குவது. சம்பளமோ, மாதத்தின் முதல் தேதியன்றே பால்காரன், பள்ளிக்கூடம், வீட்டுக்காரி என்ற வரிசையில் பங்கீடு ஆகிவிடுவது. ஆபீஸ் காரியமாக வெளியூர் போனவனுக்குச் சாப்பாட்டுக்கென்று சர்க்கார் கொடுக்கும் தினப்படிக்கு மட்டும் வீட்டில் கணக்குக் கேட்பாரில்லை. நான் மாதுங்காவில் தமக்கை வீட்டில் படுத்துக்கொண்டு, ரயில் நிலையத்தருகே ராமா நாயக் 1942-இல் ஆரம்பித்த உடுப்பி போர்டிங்கில் ஒரு வேளை இலை போட்டு வயிறு நிரம்பச் சாப்பிட்டு, இரவுக்குத் தமக்கையின் தயவை நம்பி, மிச்சம் பிடித்ததையெல்லாம் சங்கீதமாக மாற்றிக்கொண்டு திரும்புவேன். பாரத சர்க்கார் இவ்வளவு தாராளமாகக் கலையை வளர்த்துவந்த விஷயம் எந்தத் தணிக்கை அறிக்கையிலும் ஏறவில்லை.

மோதி பாகில் இசைத்தட்டு வாங்குவது ஒருவருடைய சொந்த விவகாரமன்று. எங்கள் பிளாக்கில் எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான்; சுவர்களோ மெல்லியவை. கோடையில் கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டுக்கொண்டு படுக்கிற காலமாகையால், நான் வாங்கிய தட்டை நான் கேட்பதற்கு முன்பே பின்வரிசைக்காரர்கள் கேட்டு, அபிப்பிராயமும் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் ரிங் ரோடுப் பக்கம் குருத்வாரா மோதி பாக் ஸாஹிபிலிருந்து கீர்த்தனம் காற்றில் வரும். அதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 1963-இல் கொடுத்த வேங்கடேச சுப்ரபாதம் எங்கள் பெட்டியிலிருந்து புறப்படும். கீழ்வீட்டு வங்காளி பாபு, தமக்கு இரண்டுமே ஸம்மதந்தான் என்றும், ஆனால் ஞாயிற்றுக்கிழமையன்று ஸ்ரீ வேங்கடாசலபதி கொஞ்சம் தாமதமாக எழுந்தருளினால் என்ன குறைந்துவிடும் என்றும் ஒரு தரம் மிகவும் விநயமாகக் கேட்டார்.

ஆகவே, எனக்கு டூர் உத்தரவு வந்ததென்றால் அது எனக்குத் தெரியும் முன்பே பிளாக்குக்குத் தெரிந்துவிடும். பஞ்சாபி நண்பருக்கு ஸுரீந்தர் கௌர். வங்காளி பாபுவுக்கு தேவவிரத பிஸ்வாஸ் பாடிய ரவீந்திர சங்கீதம். இவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், உபத்திரவமில்லை. உபத்திரவமெல்லாம் மாடி வீட்டு மாமியினால் வந்தது.

“நீங்க பம்பாய் போறேளாமே? எனக்கு ஒரே ஒரு பாட்டு வேணும்.”

“என்ன பாட்டு, மாமி?”

“அதான், கல்யாணத்திலே கேட்டேனே.”

யார் கல்யாணம், யார் பாடினார்கள் என்றெல்லாம் விசாரித்ததில், பந்தலில் வைத்த ரிகார்டு என்பதைத் தவிர வேறு சாட்சியம் கிடைக்கவில்லை. பிறகு மாமி, துவைத்த துணியைக் கொடியில் போட்டபடியே, அந்தப் பாட்டை முனகிக் காட்டினாள். நான் திருப்பி முனகினேன். மாமி திருத்தினாள். நாதோபாஸனையில் எனக்கு முறையாகக் கிடைத்த குருகுலவாசம் அவ்வளவுதான்.

தில்லியிலிருந்து பம்பாய்க்கு ஏறக்குறைய 1,380 கிலோமீட்டர். 1972-இல் ராஜதானி எக்ஸ்பிரஸ் விட்டார்கள் என்றாலும், என் பதவிக்கு அதில் ஏற யோக்கியதை இல்லாததனால், நின்று நிதானித்துப் போகும் வண்டிகளிலேதான் அந்த மெட்டை நான் காப்பாற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. மதுரா வரையில் அது பழுதின்றி இருந்தது. கோட்டாவில் எதிர் ஆசனத்து மார்வாரி கனவான் ஒரு பஜனையைத் தொடங்கினார். ரத்லாமில் தேநீர் விற்கிறவன் குரலில் இருந்த ஒரு கமகம் எப்படியோ உள்ளே புகுந்துகொண்டது. பரோடாவைத் தாண்டிய பிறகு, என்னிடம் இருந்தது மாமியின் பாட்டுத்தானா என்று பிரமாணம் செய்து சொல்ல எனக்குத் தைரியமில்லை.

சர்ச்கேட் பக்கத்து ஆபீஸில் வேலை முடிந்ததும், ஓவல் மைதானத்தைக் குறுக்கே கடந்து, சர்வகலாசாலையின் ராஜாபாய் கோபுரத்தை ஒட்டி நடந்தால் காலா கோடா வந்துவிடும். கறுப்புக் குதிரை என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் நான் ஒரு நாளும் குதிரையைக் கண்டதில்லை. ஏழாம் எட்வர்ட், இளவரசராக இருந்த கோலத்தில் குதிரைமேல் வீற்றிருந்த அந்தச் சிலையை 1965-இல் பைகுல்லாவுக்கு, மிருகக்காட்சிசாலை இருக்கும் தோட்டத்துக்கு, அனுப்பிவிட்டார்கள். குதிரையை மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியதில் ஒரு நியாயம் இருக்கிறது. மன்னரையும் கூட அனுப்பியது சுதந்திர இந்தியாவின் ஹாஸ்ய உணர்ச்சிக்கு அத்தாட்சி.

கடையில் தட்டை வாங்குமுன் கேட்டுப் பார்ப்பதற்காகச் சிறு அறைகள் இருந்தன. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், வெளியே இருப்பவர்களுக்கு நம் முகம் மட்டும் தெரியும், பாட்டுக் கேட்காது. சங்கீத ரஸிகர்களுடைய முகத்தை சங்கீதமில்லாமல் பார்ப்பதைப் போன்ற இலவச வேடிக்கை பம்பாயில் வேறெங்கும் இல்லை. கண்ணை மூடித் தலையை ஆட்டி, ஏதோ பெரிய அநீதியைப் பொறுத்துக்கொள்கிற பாவனையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். வெளியே வந்ததும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் கையில் எடுப்பார். ஒரு தட்டும் வாங்காமல் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் அங்கே கழிக்கலாம். யாரும் போகச் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில், கவுண்டருக்குப் பின்னால் நின்ற வயோதிகச் சிப்பந்தியிடம் போய், வங்காளி பாபுவின் சீட்டையும் பஞ்சாபி நண்பரின் சீட்டையும் முதலில் கொடுத்துவிட்டு, மூன்றாவது விண்ணப்பம் வாய்மொழியாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் தெரிவித்துக்கொண்டேன். அவர் காதை நீட்டினார். நான் பாடினேன். நான் ஓர் ஆபீஸில் செக்ஷன் தலைவனாக இருந்து, மூன்று பிரதிகளில் இல்லாத மனுவை மனுவாகவே கருதாமல், தேதி விட்டுப்போனதற்கும் கையொப்பம் கோட்டைத் தாண்டியதற்கும் ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவன். ஆதலால், பாஷை தெரியாத, பெயர் இல்லாத, தேதி இல்லாத, சுருதியும் இல்லாத ஒரு மனுவை ஒருவர் சிரிக்காமல், புருவத்தைக்கூட உயர்த்தாமல், முழுவதும் கேட்டு முடித்து, “இன்னொரு முறை, இரண்டாவது பாகம் மட்டும்” என்று மரியாதையாகக் கேட்டபோது, என் உத்தியோக வாழ்க்கையின் அஸ்திவாரமே லேசாக ஆடிற்று. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார். அவர் பரிகாசமாகச் செய்தாரா, இந்திய சங்கீதமே அப்படித்தான் என்று எண்ணினாரா, எனக்குத் தெரியாது.

சிப்பந்தி மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அவற்றில் ஒன்றுகூட மாமியின் பாட்டன்று. ஆனால் ஒவ்வொன்றிலும் நான் பாடியதில் ஒரு துணுக்கு இருக்கத்தான் செய்தது. ஒன்றில் ரத்லாம் கமகங்கூட இருந்தது.

அதற்கப்புறம் நான் எப்போது பம்பாய் போனாலும் அந்த மனிதரிடம்தான் போவேன். ஒரு முறை, ஸைகல் பஞ்சாபிகளின் சொத்து என்று என் நண்பர் அடிக்கடி முழங்கிவந்ததை முறியடிப்பதற்காக, பழைய தமிழ் ‘தேவதாஸ்’ படத்தில் அதே ஸைகல் தமிழில் பாடிய பாட்டுக் கிடைக்குமா என்று விசாரித்தேன். இல்லை என்றார், ஆனால் அப்படி இரண்டு பாட்டு உண்டென்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மோதி பாகில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்த தெருவிலேயே அது தெரிந்தவர்கள் நாலு பேர் தேறமாட்டார்கள்.

வாங்கிய தட்டுகளை மோதி பாக் கொண்டு சேர்ப்பது தனிப் பாடு. மே மாதத்தில் ஒரு தட்டை ஜன்னலோரம் மறந்து வைத்த ஸகபிரயாணி ஒருவர், ஆக்ராவில் அதை எடுத்துப் பார்த்தபோது அது பொரித்த அப்பளமாக வளைந்திருந்தது. நான் தட்டுகளை ஆபீஸ் ஃபைல்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவேன். தட்டையாக, அசையாமல், யாரும் திறக்காமல் ஒரு பொருளைக் காப்பாற்ற அரசாங்க ஃபைலைவிட உத்தமமான உபகரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிலிப்ஸ் கம்பெனியார் 1963-இல் செய்த காஸெட்டு எங்கள் பக்கம் பிடிபட்டது வெகு நாள் கழித்துத்தான், பிறகு சி.டி. வந்தது, பிறகு கையில் பிடிக்க ஒன்றுமே இல்லாத பாட்டும் வந்தது. கடை இவ்வளவையும் தாங்கி நின்றது, கடைசியில் சொன்னதைத் தவிர. மூடிய மறு வருஷம், 2017-இல், அந்த இடத்தை வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனம் வாங்கிற்று. 2018-இல் வங்கி மோசடி வழக்கு வெளிப்பட்டு, அமலாக்கத் துறையார் கட்டடத்தை முடக்கினார்கள். அதே 2017-இல் காலா கோடாவில் புதிதாக ஒரு குதிரைச் சிலை வைத்தார்கள், ஆள் இல்லாமல் வெறும் குதிரையாக. குதிரை இல்லாத காலத்தில் கடை இருந்தது. குதிரை வந்த காலத்தில் கடை இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது என்று பம்பாய் மாநகராட்சியில் ஏதாவது விதி இருக்குமோ என்னவோ.

மூடும் முன்பு தள்ளுபடி விற்பனை நடந்தபோது, தமக்கையின் பிள்ளை கடைக்குள்ளிருந்தே டெலிபோன் செய்தான். “மாமா, எல்லாம் விலையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?”

நான் அப்போது ரிடையராகி துவாரகாவுக்கு வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. மோதி பாகில் பழைய குவார்ட்டர்ஸ்களில் பலவற்றை இடித்து, எங்களை மாதிரியானவர்களின் சம்பளத்துக்கு எட்டாத பெரிய அதிகாரிகளுக்காகப் புது மோதி பாக் எழும்பிவிட்டது. மாடி வீட்டு மாமி மயூர் விஹாரில் பிள்ளையோடு இருந்தாள். அவளைக் கூப்பிட்டு, கடைசி சந்தர்ப்பம் என்று விஷயத்தைச் சொன்னேன். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய மாமி ஒரு க்ஷணம் யோசித்தாள். பிறகு, நேற்றுத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது போல ஆரம்பித்துவிட்டாள். பேரன் ஏதோ செய்து மூன்று டெலிபோன்களையும் ஒன்றாக இணைத்தான். பம்பாயிலிருந்த பையனோ, பொது இடத்தில் பாட மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லி, டெலிபோனை அப்படியே கவுண்டரிலிருந்தவரின் காதுப் பக்கம் நீட்டிவிட்டான்.

சிறிது நேரம் கழித்து அவன் குரல் வந்தது. “மாமி, நீங்கள் பாடியது ஒரு பாட்டு இல்லையாம். பல்லவி ஒரு ரிகார்டில் இருக்கிறதாம், சரணம் வேறொன்றிலாம். எது வேண்டும் என்று கேட்கிறார்.”

“தள்ளுபடிதானே?” என்றாள் மாமி. “ரெண்டையும் வாங்கிண்டு வந்துடு.”