இட்லித் தட்டில் ஒரு புதிர்

கேள்வி: சுட்டுத் தள்ள எதிரியே இல்லாத ‘வெண்பா’வும் ஒரு வீடியோ கேமா? மொபைல் லெஜெண்ட்ஸ் ஆடும் என் தம்பி சிரிக்கிறான்.
– பழைய ஆட்டக்காரர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: தம்பியை இட்லிச் சட்டி முன்னால் நிறுத்துங்கள், சிரிப்பு அடங்கும்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இந்த ஆட்டம், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. 1988இல் தொடங்குகிறது. கதைநாயகி வெண்பாவுக்கு அவள் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஆடுபவர்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டை அடுக்குவதே ஒரு புதிர். குழிக்கு நேர் மேலே குழி வந்தால் அடியிலுள்ள இட்லி என்னாகும் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். தப்பினால் ‘கேம் ஓவர்’ கிடையாது, மறுபடி செய்யலாம். நிஜ அம்மாக்களுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது!

இதற்கு 2024இல் பாஃப்டா விருதும் கிடைத்தது. குறை ஒன்றுதான்: இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

போட்டி ஆட்டம் மட்டமென்று சொல்லவில்லை. 2013இல் சியாட்டிலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாமிடம் பிடித்ததே!

‘வெண்பா’வைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், தம்பியின் கேம்போல இலவசமில்லை. ஆனால் உள்ளே போனதும் ‘ஸ்கின்’ வாங்கச் சொல்லி யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள்.