காற்றிறங்கிய காரில் கிரிவலம்: எளிய வழிகாட்டி

பௌர்ணமிக்கு மின்சாரக் காரில் திருவண்ணாமலை கிளம்பியிருக்கிறீர்கள். செஞ்சி தாண்டி, மலை கண்ணில் பட்டு, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. லாடம் போல ஒரு வளைவு, நடுவே ஆச்சரியக்குறி. தீபத்துக்குப் பேர்போன ஊருக்கு உங்கள் கார் தன் பங்குக்கு ஏற்றியது என்று எண்ணிவிடாதீர்கள். டயரில் காற்று குறைவு. செய்ய வேண்டியவை வருமாறு.

1. காரணத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டறியுங்கள்.
அம்மா திருஷ்டி என்பார். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று நாலு எலுமிச்சம்பழத்தில் ஒன்று நசுங்காமல் உருண்டோடியதை அவர் அப்போதே கவனித்தாராம். மகன் சாஃப்ட்வேர் அப்டேட் என்பான். மச்சான் சென்சார் கோளாறு என்பார். மச்சான் சொல்வதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கோளாறு சென்சாரில். மினுக்காமல் எரிந்தால் காற்றேதான்.

2. இறங்கி டயரை ஓர் உதை விடுங்கள்.
இதனால் ஒன்றும் தெரியவராது. பார்ப்பவர்களுக்கு மட்டும் உங்கள் மேல் மரியாதை கூடும். ரேடியல் டயரில் கால்வாசிக் காற்று போனாலும் பார்வைக்குக் கல்லுப்போலத்தான் நிற்கும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பல உயிர்கள் போன பிறகு, 2000-இல் அமெரிக்கா போட்ட சட்டத்தால்தான் இந்த விளக்கு அங்கே கட்டாயமானது. அந்த ஊர் விதிப்படி 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். அதாவது 36 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 27. விளக்கு எரிகிறதென்றால் ஏற்கெனவே தாமதம்.

3. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தேடுங்கள்.
நிதானமாகத் தேடலாம், பல மின்சாரக் கார்களில் அது கிடையாது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்த எச்சரிக்கையும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020 அக்டோபர் முதல் நம் நாட்டு விதியே சொல்கிறது. அதற்குப் பதில் ஒரு சின்ன கம்ப்ரஸரும் பால் மாதிரி வெள்ளைத் திரவம் கொண்ட பாட்டிலும் இருக்கும். டயருக்குப் பாலபிஷேகம் செய்யுமுன் பாட்டிலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தரையில் படும் பாகத்தில் ஆணி குத்தியிருந்தால் அது அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் அபிஷேகம் வீண்.

4. பெட்ரோல் பங்குக்குத் தலைகுனிந்து செல்லுங்கள்.
விலை ஏறும்போதெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டுச் சிரித்தது நீங்கள்தான். ஆனால் சார்ஜ் ஏற்றும் இடங்களில் காற்றுக் குழாய் அரிது, பங்கில்தான் இலவசம். அங்கே காற்றடிக்கும் பையன், "எவ்ளோ சார் வைக்கணும்?" என்பான். பேட்டரி எத்தனை யூனிட், முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், மோட்டாரின் இழுவிசை என்ன என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வீர்கள். இதற்கு மட்டும் மச்சான் முகத்தைப் பார்ப்பீர்கள். விடை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. "நைட்ரஜனா, சாதா காத்தா?" என்று கேட்டால் கலங்காதீர்கள். சாதா காற்றிலும் 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

5. அடித்த காற்று மறுபடி இறங்கினால் பஞ்சர் கடை.
பௌர்ணமியன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே கடையைப் பிடியுங்கள். கடைக்காரர் எச்சில் தொட்ட விரலை வால்வின் மேல் வைப்பார். குமிழி வரவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றி டயரை மெல்ல உருட்டுவார். நுரை பொங்கும் இடத்தில் குறட்டால் ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய ஸ்ட்ரிப்பைக் கம்பியால் திணிப்பார். அவர் ஜாக்கியை எடுத்தால் மட்டும் வாயைத் திறங்கள்: தரைக்கு அடியில் முழுக்கப் பேட்டரி, குறித்த இடத்தில்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். 'எட்டு லிங்கத்தில் ஆறாவது வாயு லிங்கம், அங்கே வேண்டிக்கொண்டால் போதும்' என்று ஆணியோடு நடக்கப் போகாதீர்கள். 14 கிலோமீட்டர் சுற்றி வருவதற்குள் டயர் தரையோடு படுத்திருக்கும்.

6. தானாக அணைந்தால் கொண்டாடுங்கள்.
கார்த்திகை விடியலில் எரிந்த விளக்கு வெயில் ஏறியதும் அணையும். 10 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ இறங்கும், சூடேறினால் ஏறும், அவ்வளவுதான். பிரச்சினை தீரவில்லை, ஒளிந்துகொண்டது. காற்று குறைந்த டயரில் சார்ஜும் சீக்கிரம் கரையும். பழியை வழக்கம்போல ஏசி மேல் போடுங்கள்.

7. கடைசியாக ஒன்று, இதைச் செய்யாமலிருப்பதே நலம்.
மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில், காற்றைப் பார்த்துவிடுவது. மறக்காமலிருக்கப் பௌர்ணமியே நாள் குறித்துத் தருகிறது. கிளம்புமுன் பார்த்தால் ஆயிற்று. ஆனால் அப்படிச் செய்தால் விளக்கு எரியாது, மேலே சொன்ன ஆறும் வீணாகிவிடும், வழியெல்லாம் மச்சானுக்குப் பேச ஒன்றும் இருக்காது.